ஓடுபாதை காலியாகத்தான் தெரியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தான் வந்த விமானம் சென்னைக்கு மேலே இருபத்தைந்து நிமிடம் வட்டமடித்தது, "ஓடுபாதை காலியாகத்தானே கிடந்தது" என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கொதித்திருந்தார். நானும் அப்படிப் புலம்பியவன்தான். விமானப் போக்குவரத்தை வழிநடத்தும் கன்ட்ரோலராக இருந்து ஓய்வுபெற்ற என் மைத்துனர் விளக்கிய பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

வருகிற விமானங்களை வரிசைப்படுத்துவது நம் கண்ணில் படுகிற அந்த உயரமான டவர் இல்லை. ரேடார் திரை முன் உட்கார்ந்து, இறங்க வருபவற்றைக் கவனிக்கும் அப்ரோச் கன்ட்ரோலர். பெங்களூர், கொழும்பு, டெல்லி என்று நாலா பக்கமிருந்தும் வருபவற்றில் ஒன்றை வேகம் குறைக்கச் சொல்லி, இன்னொன்றைச் சுற்றிவரச் சொல்லி, ஒரே கோட்டில் கோத்துக் கடைசி சில மைல்களில்தான் டவரிடம் ஒப்படைக்கிறார். ரேடார் வசதி நன்றாக இருந்தால் 3 கடல் மைல் வரை நெருங்க விடலாம் என்பது உலக விதி. முன்னால் போவது போயிங் 777, பின்னால் வருவது ஏ320 என்றால் 5 மைல் வேண்டும். பெரிய விமானத்தின் இறக்கை நுனியில் கிளம்பும் காற்றுச்சுழல், பின்னால் வருவதைப் புரட்டிவிடுமாம். இறங்கும் வேகத்தில் அந்த 5 மைலைக் கடக்க இரண்டு நிமிடம் ஆகும். நம் வாசகர் பார்த்த 'காலி' அதுதான். இதற்கு நடுவில் கிளம்புகிற விமானத்துக்கும் இடம் விட வேண்டுமே! சென்னையில் இரண்டு ஓடுபாதைகள் இருக்கின்றன, சரி. ஆனால் அவை குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. அதில் ஒன்று, இதில் ஒன்று என்று அவற்றின் பாட்டுக்கு இறக்க முடியாது.

இந்த ஒழுங்கு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே, டெல்லியிலிருந்து கிளம்பிய சவூதி விமானமும் இறங்க வந்த கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கிவிட்டது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அப்போது ஒரே வழி. உயரம் காட்டாத பழைய ரேடார் வேறு. திரையில் இரண்டு புள்ளிகள் நெருங்குவது தெரியும். எது மேலே, எது கீழே என்று தெரியாது. அப்புறம்தான் வழிகளைப் பிரித்தார்கள்.

எனக்கும் ஒரு குறை உண்டு. நாங்கள் எத்தனையாவதாக நிற்கிறோம் என்று விமானி மைக்கில் ஒரு வரி சொல்லலாம். நான் போன பயணங்களில் பாதிக்கு மேல் யாரும் சொன்னதில்லை.

இப்படிக்கு,
பம்மல் வாசகர்