பழைய பெற்றோல் செட் காணியின் சுத்திகரிப்பு: உங்கள் இறுதி அறிக்கையை ஏற்க முடியாது

முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

கல்லடிக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் காணியைத் துப்புரவாக்கித் தருவதாக உங்கள் நிறுவனம் ஒப்பந்தம் எழுதியது. பல காலம் பெற்றோல் செட் இருந்த இடம் அது. நிலத்துக்குள் இருந்த தாங்கிகளைக் கிளப்பி, எண்ணெய் ஊறிய மண்ணை அகற்றி, தண்ணீரும் சுத்தமானால்தான் அங்கே முன்பள்ளி கட்டலாம் என்பது முதலிலேயே உங்களுக்குத் தெரியும். பெப்ரவரியில் ‘வேலை முடிந்தது, காணி பாதுகாப்பானது’ என்று அறிக்கை அனுப்பி இறுதித் தவணையையும் கேட்டீர்கள். இப்போது ஓகஸ்ட். கச்சான் காற்று அடிக்கிறது, கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது, வாளியைத் தூக்கினால் பெற்றோல் மணக்கிறது.

நீர் மாதிரி எடுத்தது ஜனவரியில். ஐப்பசியிலிருந்து தை வரைக்கும்தான் எங்கள் பக்கம் மழை கொட்டும். அந்த நேரம் இந்த மணலைக் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். பெற்றோல் தண்ணீரைவிடப் பாரம் குறைந்தது, நிலத்தடி நீரின் மேல்தான் நிற்கும். கோடையில் நீர்மட்டம் இறங்க அதுவும் கூடவே இறங்கி மணலில் ஒட்டிக்கொள்ளும். மாரியில் நீர் ஏறும்போது ஒட்டியதில் பெரும்பகுதி தண்ணீருக்குக் கீழேயே மணல் இடுக்குகளில் அகப்பட்டு நின்றுவிடும். அப்போது நிலத்தடி நீரைப் பார்க்க நீங்கள் இறக்கிய கண்காணிப்புக் குழாய்க்குள் பார்த்தால் எண்ணெய் தெரியாது. திரும்ப நீர் இறங்கும்போதுதான் அது கழன்று வெளியே வரும். இதே தொழிலில் இருக்கும் உங்கள் ஆட்களுக்கு இது தெரியாததல்ல. தெரிந்திருந்தும் மாரியில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு எழுதியதுதான் எனக்குப் பெரிய கோபம்.

மாதிரி எடுத்த விதமும் சரியில்லை. பெற்றோலில் நாங்கள் பயப்படுவது பென்சீனுக்கு. அது புற்றுநோயை உண்டாக்கும். குடிநீரில் லீற்றருக்கு 0.01 மில்லிகிராம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு. சுலபமாக ஆவியாகிவிடும் பொருள் என்பதால், சின்னக் கண்ணாடிக் குப்பியில் காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, குளிரில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. வந்த ஊழியர் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலில் அரைவாசி நிரப்பி, மோட்டார் சைக்கிள் பையில் போட்டுக்கொண்டு போனார். அறிக்கையில் ‘எண்ணெய், கிறீஸ்’ என்ற ஒரே ஒரு அளவு. பாரமான எண்ணெய்க்கு அது சரி, பெற்றோலின் ஆவியாகும் பகுதி அந்தச் சோதனையிலேயே பறந்துபோகும். பென்சீன், அதோடு பெற்றோலில் இருக்கும் தொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் ஒன்றையுமே அளக்காமல் ‘பாதுகாப்பானது’ என்று எழுத எப்படி மனம் வந்தது?

தொலைபேசியில் கேட்டதற்கு, கிணற்றை மூடிவிட்டுக் குழாய்த் தண்ணீர் எடுங்கள் என்றார் உங்கள் பொறியியலாளர். மண்ணுக்குள் எண்ணெய் இருந்தால் அதன் ஆவி தரை வெடிப்புகள் வழியாக அறைக்குள் ஏறும். பிள்ளைகள் பாய் விரித்துப் படுக்கப்போவது அந்தத் தரையில்தான். அப்புறம், பக்கத்து வளவில் இருக்கும் அக்கா குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் கிணற்றைத்தான் நம்பியிருக்கிறார். நீங்கள் இறக்கிய கண்காணிப்புக் குழாய்கள் எல்லாம் வீதிப் பக்கம். அவர் கிணறு இருக்கும் வாவிப் பக்கம் ஒன்றுகூட இல்லை.

தோண்டிய மண் எங்கே? டிப்பருக்குக் காசு கொடுத்த பற்றுச்சீட்டு இருக்கிறது, எங்கே கொட்டினார்கள் என்று ஒரு வரி இல்லை. குழியின் அடியிலும் சுவரிலும் மண் மாதிரி எடுத்ததற்கும் பதிவில்லை. புது மணல் போட்டு மூடிவிட்டீர்கள்.

யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மின் நிலையத்தின் எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், பாதிக்கப்பட்டவர்களுக்கு மின் நிலைய நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மக்கள் பட்ட பாட்டை எங்கள் அயலவர்களும் படுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

மழை தொடங்குமுன், செப்டெம்பர் முடிவதற்குள், வாவிப் பக்கமும் குழாய் இறக்கி, அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தில் பென்சீன் முதலான அந்த நான்கு பொருள்களையும் அளந்து தாருங்கள். பக்கத்துக் கிணற்று நீரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் மிதந்தால் அதை உறிஞ்சி எடுத்து, மண்ணுக்குள் இருக்கும் ஆவியை இழுக்கும் வேலையை ஒப்பந்தப்படி செய்யுங்கள். ஆவியை இழுக்கும் பம்பை நிறுத்திய கையோடு அளந்தால் அளவு குறைவாகத்தான் காட்டும். நிறுத்திச் சில மாதம் விட்டு, அடுத்த கோடையிலும் ஒரு தடவை பார்த்த பிறகே முடிவு எழுதுங்கள். மண் போன இடத்தையும் எழுத்தில் தெரிவியுங்கள்.

அதுவரை இறுதித் தவணை தர முடியாது. இரண்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் இந்தக் கடிதத்தின் பிரதியையும் உங்கள் அறிக்கையையும் மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் கொடுப்பேன். பக்கத்து வீட்டுக்குக் குடிதண்ணீர் பவுசரை மட்டும் இந்தக் கிழமையே உங்கள் செலவில் அனுப்புங்கள், அதற்குச் சோதனை முடிவு வரும்வரை காத்திருக்க முடியாது.

இப்படிக்கு,
காணி உரிமையாளர்,
மட்டக்களப்பு