லாச்சிக்குள் இருக்கும் கடிதங்கள்

பிராட்ஃபோர்ட்
08.01.2017

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் பிடித்துக்கொள்கிறது. அக்காவின் குழந்தைக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டன. உன் நலத்தை எழுது. எழுத நேரமில்லை என்றால் போனையாவது எடு. செவ்வாய்க்கிழமையிலிருந்து ஏழு முறை அழைத்துவிட்டேன்.

செய்தியை நீ பார்த்திருப்பாய். ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. நம் ரக்பி லீக் கழகம், பிராட்ஃபோர்ட் புல்ஸ், போய்விட்டது. வாங்க வந்தவர்களோடு பேச்சு முறிந்து, ஜனவரி 3ஆம் தேதி நிர்வாகி கழகத்தைக் கலைத்துவிட்டார். 2012இல் ஒரு முறை, 2014இல் ஒரு முறை கடன் முற்றி, நிர்வாகியின் கையில் விடும் அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போய் எழும்பி வந்த கழகம்தானே, போன நவம்பரில் மூன்றாம் முறை போனபோதும் யாராவது வந்து தூக்கிவிடுவார்கள் என்றே நினைத்திருந்தேன். 1907இல் தொடங்கிய கழகம். இத்தனைக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், பக்கத்து மேசைக்காரன் போனை நீட்டி எனக்குக் காட்டினான். பெட்டியைத் திறந்தபடியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அம்மாவிடம் சாப்பிட்டதாகச் சொன்னேன்.

வேலை முடிந்ததும் வீட்டுக்கு வரவில்லை, பஸ் மாறி நம் மைதானம் ஓட்சலுக்குப் போனேன். போய் என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாமலே போனேன். வாசல் பூட்டிக் கிடந்தது. வெளியே நின்றால் மைதானம் தெரியாது என்பது உனக்குத் தெரியும்தானே, அது பள்ளத்துக்குள் கிடக்கிறது. விளக்குக் கம்பங்களின் தலை மட்டும் தெரிந்தது. என்னைப் போல நான்கைந்து பேர் வந்து நின்றார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. ஒருவர் கையுறையைக் கழற்றி, வாசல் கம்பியைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு குளிரில் இரும்பை வெறுங்கையால் பிடிக்கலாமா? ஆனால் நானும் கழற்றினேன்.

உள்ளே நமது இடம் எனக்குத் தெரிந்தது. வீரர்கள் உடை மாற்றும் அறையிலிருந்து சரிவில் இறங்கி வரும் வழியோரம், நீ நாடியை வைத்துக்கொண்டு நிற்கும் கம்பி. உன் நாடி பட்டுப் பட்டு அந்த இடத்தில் பெயின்ட் போயிருக்கும் என்று அம்மாவிடம் சொல்வேன். லெஸ்லி வைனிகோலோ இறங்கிப் போகும்போது உன் தலையைத் தொட்டார் என்று மூன்று நாள் தலைக்குக் குளிக்க மாட்டேன் என்றாய். அன்று அம்மா உன்னை அடித்தது எனக்கு இன்றும் பிடிக்கவில்லை.

தம்பி, நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? கிளாஸ்கோவில் இங்கே இருப்பதைவிடக் குளிர் அதிகம் என்று சொல்கிறார்கள். ஹீட்டரைப் போட்டுக்கொள். காசு மிச்சம் பிடிக்க வேண்டும் என்று குளிரில் கிடக்காதே.

உன் பெயருக்கு வந்த கடிதங்கள் இங்கே இருக்கின்றன. மூன்று வந்திருக்கின்றன. ஒன்றின் மேல் பல்கலைக்கழகத்தின் சின்னம் இருக்கிறது. மற்ற இரண்டும் ஜன்னல் வைத்த உறைகள். நான் பிரிக்கவில்லை. அம்மா கேட்டபோது வாக்காளர் பதிவு என்று சொல்லி, என் மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். நம்முடைய பழைய சீசன் டிக்கெட்டுகளுக்குக் கீழே இருக்கின்றன. நீ வந்து எடுத்துக்கொள்ளலாம், அல்லது அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன். சுந்தரம் மாமாவின் மகள் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தாள். உன்னைக் கண்டாயா என்று அம்மா கேட்டதற்கு, ‘கொஞ்ச நாளாகக் காணவில்லை மாமி’ என்றாள். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நீ வராதது அம்மாவுக்குப் பெரிய மனக்குறை. வேலை இருந்தது என்றாய், சரி. படிக்கிற பிள்ளைக்கு நத்தார் இரவிலும் என்ன வேலை என்று அம்மா கேட்டாள். நம் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் பிள்ளை நீ. அதை நான் பேக்கரியில் சொல்லாத ஆள் கிடையாது. இந்த ஊரில் எனக்கு வேறு என்ன பெருமை இருக்கிறது? நீயும் புல்ஸும்தானே. நீ பிறந்த ஆண்டில்தான் கழகத்தின் நார்தர்ன் என்ற பெயர் போய் புல்ஸ் ஆனது. அந்த ஆண்டு வெம்ப்ளியில் நம் ராபி பால் மூன்று முறை பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்து ட்ரை போட்டும் செயின்ட் ஹெலன்ஸிடம் 40-32 என்று தோற்றோம். விளையாட்டின் விதி தெரியாமலே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். தோற்றவன் அப்படி ஓடியதைப் பார்த்துத்தான் இந்த விளையாட்டில் விழுந்தேன். பிறகு 1997, 2001, 2003, 2005 என்று நான்கு முறை சாம்பியன். 2003இல் ஓல்ட் டிராஃபர்டில் விகனை 25-12 என்று வென்றபோது ஏழு வயதில் என் தோள்மேல் இருந்தாய். என் இரண்டு காதையும் பிடித்து இழுத்துக்கொண்டு கத்தினாய். இரண்டு நாள் காது வலித்தது.

அப்படி இருந்த கழகத்துக்கா இந்த நிலை என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் ஆத்திரமில்லை. பெரிய வீட்டிலும் கடன் வரும். என் ஆத்திரம் வேறு. 2012இல் எப்படிச் சொன்னார்கள் என்று நினைத்துப் பார். வங்கி கடன் வசதியைப் பிடுங்கிவிட்டது, பத்து லட்சம் பவுண் வேண்டும், அதில் பாதி ஏப்ரல் 6ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும் என்று மார்ச் கடைசியில் அறிவித்தார்கள். பத்து நாள்தான் இருந்தது. அந்தப் பத்து நாளுக்குள் இந்த ஊர் ஐந்து லட்சத்தைத் திரட்டியது. வேறு ஊர்க் கழகங்களின் ரசிகர்களும் கொடுத்தார்கள். அந்தக் கடன் பத்து நாளில் வந்த கடனா? ஒவ்வொரு மாதமும் கணக்குப் பார்த்தவர்களுக்குத் தெரியாதா? தெரிந்த அன்றே எங்களிடம் சொல்லியிருந்தால் இரண்டு வருடம் முன்பே வாளியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றிருப்போம். வெட்கம், வேறென்ன. சொன்னால் மரியாதை போய்விடும் என்ற வெட்கம். கடனைவிட அந்த மறைப்புத்தான் கழகத்தைத் தின்றது. அத்தனை பணம் திரட்டிக் கொடுத்தும் ஜூன் மாதமே அட்மினிஸ்ட்ரேஷன் என்றார்கள்.

ஒருவருக்குக் கஷ்டம் வந்தால் அதை வீட்டில் சொல்ல வேண்டும் தம்பி. கழகத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

நமக்கு முன்னால் நிற்கும் தொப்பித் தாத்தாவை வெள்ளிக்கிழமை சந்தையில் கண்டேன். உன்னைக் கேட்டார். படிப்பு நன்றாகப் போகிறது என்று சொன்னேன். அவர் அழவில்லை. ‘எனக்கு இது இரண்டாவது தடவை’ என்றார். உனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறார், 1963 நவம்பரில் பாரோவோடு நடந்த ஆட்டத்துக்கு 324 பேர்தான் வந்தார்கள், அதில் தானும் ஒருவர் என்று. 1954இல் 1,02,569 பேர் டிக்கெட் எடுத்து நின்ற அதே ஓட்சலில் 324 பேர். அடுத்த மாதமே, சீசன் நடுவில், கழகம் மூடிக்கொண்டது. மூடிய பிறகு ட்ரெவர் ஃபாஸ்டரும் ஜோ ஃபிலிப்ஸும் ஊரைக் கூட்டினார்கள், அடுத்த சீசனுக்கே புதுக் கழகம் இறங்கியது. எங்கே போனீர்கள் அந்த எட்டு மாதமும் என்று தாத்தாவிடம் கேட்டேன். ‘சனிக்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் மனைவியோடு கடைக்குப் போனேன்’ என்றார். அவர் மனைவி போன வருடம் தவறிவிட்டார். உனக்கு நான் சொன்னேனா? சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

நீ போனை எடுத்திருந்தால் சொல்லியிருப்பேன்.

வாசலில் நின்ற அந்த நேரத்திலிருந்து ஒரு விஷயம் என்னைத் தூங்க விடவில்லை. இதை எழுதத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன், மூன்று பக்கம் வேறு எதையோ எழுதிவிட்டேன்.

அந்த 2012 மார்ச்சில் நீ பேப்பர் போட்டுச் சேர்த்த காசை பிஸ்கட் டின்னோடு என் கையில் தந்தாய். அறுபது பவுண். ஐந்து பவுண் தாள் எட்டு, மீதி இருபதும் காசாக இருந்தது. தாள்களை அயர்ன் பண்ணியதுபோல் மடிப்பில்லாமல் வைத்திருந்தாய். ‘கழகக் கடையில் கொடுத்துவிடுங்கள் அப்பா, என் பெயரை எழுத வேண்டாம்’ என்றாய். நான் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். கடையில் இருந்த பெண் நன்றி சொன்னாள் என்றும் சொன்னேன்.

நான் கொடுக்கவில்லை தம்பி.

அந்த பெப்ரவரியிலிருந்து வேலையில் என் ஷிஃப்டை ஐந்திலிருந்து மூன்றாகக் குறைத்திருந்தார்கள். அம்மாவுக்குச் சொல்லவில்லை. மற்ற இரண்டு இரவும் வழக்கம்போல் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளியே போய், பஸ் நிலையத்திலும் மருத்துவமனைக் காத்திருப்பு அறையிலும் உட்கார்ந்துவிட்டு விடிய வீட்டுக்கு வருவேன். நீ டின்னைத் தந்த அன்று கரண்ட் மீட்டரில் அவசரக் கடனாக விடும் தொகையும் முடிகிற நிலை. நான் கழகக் கடைக்குப் போகத்தான் புறப்பட்டேன். மூலைக் கடை வரைக்கும் வந்தபோது சட்டைப்பையில், கரண்டுக்கு முன்பணம் ஏற்றும் மீட்டர்ச் சாவி கையில் தட்டுப்பட்டது. உள்ளே போய் உன் தாள்கள் நான்கைக் கொடுத்து அதில் ஏற்றினேன். மீதியை அடுத்த வாரம் திருப்பிச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் மீதியும் போய்விட்டது. டின்னைக் கழுவி அம்மாவின் அலமாரியில் வைத்தேன். அதில்தான் இப்போது மிளகாய்த்தூள் இருக்கிறது.

பெரிய வெள்ளியன்று லீட்ஸோடு ஆட்டம். 20,000க்கும் மேல் சனம். நாம் வென்றோம். நீ என் கையைப் பிடித்து, ‘இதில் என் அறுபது பவுணும் இருக்கிறது, அப்பா’ என்றாய். நான் தலையை ஆட்டினேன். பக்கத்தில் நின்றவருக்கும் அதைச் சொன்னாய், அவர் உன் தோளில் தட்டினார். 2015இல் வேக்ஃபீல்டிடம் 24-16 என்று தோற்று மேல் பிரிவான சூப்பர் லீக்குக்குத் திரும்ப முடியாமல் போன அன்றும், கிளாஸ்கோ போய் ஒரு மாதம்கூட ஆகாத நீ, போனில் அதையேதான் சொன்னாய். ‘ஒரு தடவை நான் காப்பாற்றியிருக்கிறேன்’ என்று. அன்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

என்னிடம் காசில்லை என்று உன் முன்னால் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. கேட்டிருந்தால் நீயே தந்திருப்பாய் என்று எனக்கு அப்போதும் தெரியும். கழகத்துக்காரர்களைத் திட்டினேனே, அவர்களாவது பத்து நாள் இருக்கும்போது சொன்னார்கள். நான் ஐந்து வருடம் சொல்லவில்லை. நீ எங்களிடம் எதையாவது சொல்ல முடியாமல் இருந்தால் அந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் வேறு யாரிடம் போய்க் கேட்பது?

இந்த உறைக்குள் அறுபது பவுண் வைத்திருக்கிறேன். நீ தந்தது காகிதத் தாள், இது புதிதாக வந்த பிளாஸ்டிக் தாள். இது உன் பணம். ரக்பி லீக் சங்கம் புதுக் கழகத்துக்கு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறது, ஆனால் இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்பில் கழித்தல் 12 புள்ளியிலிருந்து தொடங்க வேண்டுமாம். ஒரு வெற்றிக்கு இரண்டு புள்ளி. ஆறு ஆட்டம் வென்றால்தான் பூச்சியத்துக்கே வர முடியும். யார் நடத்துவார்கள், என்ன பெயர், வீரர்கள் யார் மிச்சம் என்று இன்றுவரை தெரியாது. எதுவாக இருந்தாலும் அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். நீ இந்தப் பணத்தைப் புதுக் கழகத்துக்குக் கொடுக்கலாம், அல்லது கிளாஸ்கோவிலிருந்து பஸ் டிக்கெட் எடுக்கலாம். டிக்கெட் எடுத்தால் அம்மாவிடம் முதலில் சொல்லாதே, என்னிடம் சொல், நான் நிலையத்துக்கு வருகிறேன். லாச்சியில் இருப்பதை இரண்டு பேருமாக இருந்து பிரிப்போம். அம்மாவுக்கு என் விஷயத்தையும் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

வியாழன் வரை எனக்கு இரவு வேலை. மாலை நான்கு மணிக்கு எழுந்துவிடுவேன். ஒழுங்காகச் சாப்பிடு. ஹீட்டரைப் போட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: திங்கள் காலை. உறையை ஒட்டப் போகும்போது தபால்காரர் வந்தார். உனக்கு இன்னொன்று வந்திருக்கிறது. மற்றவற்றோடு வைத்திருக்கிறேன்.