தவணை தவறாமல் கட்டினாலும் வழக்கை வங்கிக்கு அறிவிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காணி உறுதியை ஈடு வைத்துக் கடன் எடுத்தவர்களில் பலர், மாதாமாதம் தவணை கட்டினால் தங்கள் கடமை முடிந்தது என்று இருக்கிறார்கள். கடன் உடன்படிக்கையில் அநேகமாக இன்னொரு நிபந்தனையும் இருக்கும்: கடனாளிக்கு எதிராகவோ ஈட்டுச் சொத்தின் மீதோ வழக்கு வந்தால் எழுத்தில் அறிவிக்க வேண்டும். சிலவற்றில் "உடனடியாக" என்றிருக்கும், சிலவற்றில் நாட்கணக்கு. அறிவிக்காவிட்டால், ஒரு தவணையும் நிலுவையில் இல்லாதபோதும், முழுக் கடனையும் ஒரேயடியாகக் கேட்க அது வழிவிடலாம்.

நமது பகுதியில், கூட்டுக் காணியைப் பங்கு பிரிக்கக் கேட்கும் பிரிவினை வழக்குகளில்தான் இது அதிகம் சிக்குகிறது. பிரிபடாத வளவில் ஒருவர் தன் பங்கை ஈடு வைத்திருப்பார். இன்னொரு பங்காளி மட்டக்களப்பிலோ கல்முனையிலோ மாவட்ட நீதிமன்றத்துக்குப் போவார். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் 48ஆம் பிரிவின்படி, தீர்ப்பில் குறிப்பிடப்படாத ஈடு காணியை விட்டு நீங்கிவிடும். வங்கி பதறுவது இதற்குத்தான். ஈடு பதிவாகியிருந்தால் வழக்காளியின் சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் தேடிக் கண்டுபிடிக்கத்தான் வேண்டும். ஆனால் பழைய காணிகளின் உறுதிகள் வெவ்வேறு பதிவேட்டுப் பக்கங்களில் சிதறிக் கிடப்பதுண்டு, அங்கே தவறிவிடும். வழக்கு பதிவகத்தில் பதியப்பட்ட பின் அந்தப் பங்கை மீண்டும் ஈடு வைக்கவும் 66ஆம் பிரிவு விடாது. மேலதிகக் கடனுக்கு விண்ணப்பித்த பிறகு இது தெரியவந்தால் வங்கி உங்களை எப்படி நம்பும்?

அழைப்பாணை கிடைத்ததும் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். கடன் கணக்கு இலக்கம், நீதிமன்றம், வழக்கு இலக்கம், திறத்தவர்கள் (வழக்காளி, எதிராளி பெயர்கள்), உறுதி இலக்கம், கேட்கப்படும் நிவாரணம், தடை உத்தரவு உண்டா, வழக்கு அடுத்து அழைக்கப்படும் திகதி ஆகியவை போதும். அழைப்பாணையினதும், வழக்காளி நீதிமன்றத்தில் தாக்கல் செய்த முறைப்பாட்டினதும் பிரதியை இணையுங்கள். வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று எழுதவே வேண்டாம். அந்தக் கடிதம் நாளை நீதிமன்றத்தில் காட்டப்படலாம். அனுப்புமுன் உங்கள் சட்டத்தரணி ஒருமுறை பார்க்கட்டும்.

கிளை உத்தியோகத்தரிடம் வாயால் சொல்லிவிட்டு வருவது அறிவித்தல் ஆகாது. அவர் இடமாற்றம் பெற்றுப் போனால் சாட்சியும் போய்விடும். உடன்படிக்கையில் அறிவித்தலுக்கென்று தந்துள்ள முகவரிக்கு, அது கொழும்பு தலைமையகமாக இருந்தாலும், பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கிளையில் ஒரு பிரதி கொடுத்து, உங்கள் பிரதியில் திகதியுடன் முத்திரை வாங்குங்கள்.

மேலதிகப்பற்றை (ஓவர்டிராஃப்ட்) ஆண்டுதோறும் புதுப்பிக்கும் படிவத்தில் "நிலுவையில் வழக்கு எதுவும் இல்லை" என்ற வரி இருந்தால் வாசிக்காமல் ஒப்பமிடாதீர்கள். வழக்கு இருக்க ஒப்பமிட்டால் அது பொய்க்கூற்று. அறிவிக்காமல் விட்டதைவிட மோசம். லீசிங்கில் எடுத்த உழவு இயந்திரம் அனுமதியின்றி மணல் ஏற்றிய வழக்கில் பிடிபட்டாலும் லீசிங் கம்பனிக்கு அன்றே தெரிவியுங்கள். வாகனத்தின் முழு உரிமையாளர் அவர்கள்தான். விடுவிக்கக் கேட்கும்போது அவர்களும் வேண்டும்.

வங்கிகளிடமும் ஒரு வேண்டுகோள். ஆங்கில உடன்படிக்கையின் நடுவில் கிடக்கும் இந்த நிபந்தனையைத் தமிழில் தனித்தாளில் அச்சிட்டு, அறிவிக்க வேண்டிய முகவரியையும் சேர்த்து, ஒப்பம் வாங்குமுன் கடனாளியிடமும் பிணையாளிகளிடமும் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி