மீதி மலை எங்கே?

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். எனக்குக் கண்புரை எடுத்தாயிற்று. கொஞ்ச நாள் கண்ணுக்கு வேலை கொடுக்காதே என்றார்கள், அதுதான் தாமதம்.

நீ போகிற போக்கில் கேட்டது மட்டும் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. இமயமலை ஆண்டுக்கு அரை சென்டிமீட்டர் உயர்கிறதாம், இந்தியத் தட்டு ஆசியாவில் மோதிச் சுமார் 5 கோடி ஆண்டு ஆகிறதாம், பெருக்கினால் 250 கிலோமீட்டர் வருகிறதே, மீதி மலை எங்கே என்று கேட்டாய். கணக்குப் பாடத்தில் என்னைப் பார்த்து எழுதியவன் கேட்கிற கேள்வியா இது!

முதலில், அரை சென்டிமீட்டர் என்பது இன்றைய வேகம். 5 கோடி ஆண்டும் மலை அதே வேகத்தில் எழும்பியிருக்கும் என்று சொல்ல முடியாது. சரி, 250-ஐ விடு. ஆனால் எழும்பியதில் பெரும்பங்கு காணாமல் போனது நிஜம். அது வங்காள விரிகுடாவுக்குள் கிடக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் இன்றைக்கும் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் வண்டல் கொண்டுவருகின்றன. அப்படிச் சேர்ந்த வண்டல் கடலடியில் 3000 கிலோமீட்டர் நீளத்துக்கு விசிறி மாதிரி விரிந்திருக்கிறது. சில இடங்களில் அதன் கனம் 15 கிலோமீட்டருக்கும் மேல். எவரெஸ்டின் உச்சிப் பாறையே பழைய கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்தான். கடலிலிருந்து ஏறிப்போனது, பொடிப்பொடியாகக் கடலுக்கே திரும்புகிறது.

எனக்கு இதில் பிடித்த இடம் வேறு. தேய்ந்தால் மலை குட்டையாக வேண்டும் என்றுதானே நினைப்போம்? 1850களில் இந்தியாவில் நில அளவை செய்தவர்களுக்கு ஒரு குழப்பம் வந்தது. இமயமலை அத்தனை பெரியது, தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். இழுத்தது, ஆனால் பிராட் என்ற கல்கத்தா பாதிரியார் போட்ட கணக்கில் மூன்றில் ஒரு பங்குதான். 1855இல் ஏரி என்ற வானியலாளர் விடை சொன்னார்: மலைக்குக் கீழே, கனமான அடிப்பாறைக்குள், எடை குறைந்த வேர் ஒன்று ஆழமாக இறங்கியிருக்கிறது. நிலம் மிதக்கிறது.

மிதக்கிறது என்றால், படகிலிருந்து மூட்டையை இறக்கினால் என்ன ஆகும்? படகு மேலே வரும். மலையும் அப்படித்தான். பரவலாக 1000 மீட்டர் பாறையை அரித்து எடுத்தால், சுமார் 800 மீட்டர் கீழேயிருந்து எழும்பி வந்துவிடும். ஸ்வீடனில் பனிப்பாளம் உருகி ஏறக்குறைய 10,000 ஆண்டு ஆகியும் பாரம் இறங்கிய நிலம் இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது. அங்கே ஒரு பழைய கடற்கரை இப்போது கடலுக்கு மேலே சுமார் 285 மீட்டரில் இருக்கிறது. அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகள் உருவாகி 30 கோடி ஆண்டு ஆகியும் முழுக்கக் கரையாமல் 2000 மீட்டர் உயரம் நிற்பதற்கு அந்த வேரும் ஒரு காரணம்.

ஆறுகளைப் பார். சிந்து, எவரெஸ்டுக்குப் பக்கத்தில் ஓடும் அருண் எல்லாம் இமயமலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வருகின்றன. மலை உயருமுன்பே ஓடிய ஆறுகள் இவை என்பது பழைய விளக்கம். அரிவாள்மணை நகராது, காய்தான் அதன் மேல் நகரும், இல்லையா? அதே மாதிரி ஆறு இருந்த மட்டத்திலேயே இருக்க, மலை எழும்பி எழும்பி அறுபட்டது. ஆழம் கூடக் கூடச் சரிவு செங்குத்தாகும், பிறகு ஒரு மழைக்கோ நிலநடுக்கத்துக்கோ பக்கம் மொத்தமும் சரியும். அதையும் ஆறே அள்ளிப் போகும்.

அருண் பற்றி 2024இல் ஒரு ஆய்வு வந்தது. சுமார் 89,000 ஆண்டுகளுக்கு முன் இன்னொரு ஆறு இதனோடு சேர்ந்து, பள்ளம் வேகமாக ஆழப்பட, பாரம் குறைந்து எவரெஸ்ட் 15 முதல் 50 மீட்டர் வரை கூடுதலாக உயர்ந்திருக்கலாம் என்கிறார்கள். பள்ளம் பறித்ததில் சிகரம் வளர்ந்திருக்கிறது, பாரேன்.

டாக்டர் அனுமதித்த நேரம் தாண்டிவிட்டது, கண் உறுத்துகிறது. அப்புறம், உன் முழங்காலுக்கு என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று எழுது, எனக்கும் இடது கால் மக்கர் பண்ணுகிறது.

உன் பழைய பெஞ்சுக்காரன்