பொருள்: 16 பக்கங்கள் இல்லாமல் வந்த கணினி வரலாற்றுப் புத்தகம்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். முன்பதிவுத் திட்டத்தில் 650 ரூபாய் கட்டி வாங்கிய உங்கள் கணினி வரலாற்றுப் புத்தகம் கைக்கு வந்தது. அட்டையும் தாளும் பிரமாதம். ஆனால் 112ஆம் பக்கத்தைப் புரட்டினால் 129 வருகிறது. கிழிந்த சுவடே இல்லை. பைண்டிங்கில் ஒரு முழு ஃபாரம், அதாவது 16 பக்கங்களாக மடித்த ஒரு அச்சுத் தாள், விட்டுப்போயிருக்கிறது.

நான் பணம் கட்டியதே அந்த அத்தியாயத்துக்காகத்தான். லண்டனில் டீக்கடைகள் நடத்திய லயன்ஸ் கம்பெனி தன் கணக்கு வேலைக்குத் தானே லியோ என்ற கணினி கட்டி, பிறகு 1954இல் லியோ கம்ப்யூட்டர்ஸ் என்று தனி நிறுவனமும் தொடங்கிய கதை அது. 112ஆம் பக்கத்தின் கடைசி வரியில், 1947இல் அமெரிக்கா போன லயன்ஸ் அதிகாரிகள் தாம்ஸனும் ஸ்டாண்டிங்ஃபோர்டும் பிரின்ஸ்டனில் கணினி முன்னோடி கோல்ட்ஸ்டைனைச் சந்திக்கிறார்கள். வாக்கியம் பாதியில் நிற்கிறது. 129இல் 1963 பிறந்து, லியோ நிறுவனம் இங்கிலிஷ் எலெக்ட்ரிக் கம்பெனியோடு இணைந்தும் விடுகிறது! கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டு நேரே பேரன் காதுகுத்துக்குக் கூப்பிட்ட மாதிரி இருக்கிறது.

நடுவில் என்னென்ன போயிற்று என்று உங்கள் பொருளடக்கமே சொல்கிறது: கேம்பிரிட்ஜில் வில்க்ஸ் கட்டிக்கொண்டிருந்த எட்சாக் கணினிக்கு லயன்ஸ் கொடுத்த 3,000 பவுண்டு, அந்தக் கணினியைப் பார்த்துப் பொறியாளர் பிங்கர்டன் உருவாக்கிய லியோ, பாதரசக் குழாய்களில் ஒலி அலையாக ஓடிய நினைவகம். அப்புறம் டீக்கடை ஆர்டர். கடை மேலாளர் தினமும் போனில் வழக்கமான ஆர்டரில் என்ன மாற்றம் என்று மட்டும் சொல்வார். அது கணினி படிக்கும் அட்டையில் துளையாகி இயந்திரத்துக்குள் போகும். இதைப் படிக்கத்தான் காத்திருந்தேன்.

இருக்கிற பக்கங்களிலும் ஒரு தவறு. பின்னிணைப்புக் காலவரிசையில், 1954இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஓடிய யூனிவாக்தான் உலகிலேயே முதன்முதலில் அலுவலக வேலை செய்த கணினி என்று போட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவுக்கு அது சரி. லியோ 1951 நவம்பரிலேயே லயன்ஸின் பேக்கரிக் கணக்கைப் போட ஆரம்பித்துவிட்டது. அந்த 16 பக்கங்கள் இருந்திருந்தால் உங்கள் மெய்ப்புத் திருத்துநர் கண்ணில் பட்டிருக்குமோ என்னவோ.

இதை முன்பே ஒருமுறை எழுதிக் கேட்டதற்கு, அடுத்த புத்தகத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பியிருக்கிறீர்கள். இந்தப் புத்தகமே முழுசாக வராதபோது அடுத்ததை எந்த தைரியத்தில் வாங்குவது?

கூப்பன் வேண்டாம். எல்லா ஃபாரமும் சரியாக இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்து வேறு பிரதி அனுப்புங்கள். பழைய பிரதியை உங்கள் கூரியர் செலவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல பிரதி கைவசம் இல்லையென்றால் 650 ரூபாயையும் திருப்பித் தாருங்கள். இரண்டில் எது என்று 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 112, 129ஆம் பக்கங்களின் படமும் பணம் கட்டிய ரசீதும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
முன்பதிவு செய்த வாசகர்