கச்சான் காற்றும் நாலு மணித் தேத்தண்ணியும்

கல்லடி, மட்டக்களப்பு
புரட்டாசி முதற்சனி

அன்பின் கொழுந்துக்கு,

நீ பஸ்ஸில் கொடுத்தனுப்பிய தேயிலைப் பொதி ஆடிக் கடைசியிலேயே பத்திரமாக வந்து சேர்ந்தது. ஒரு மாதம் தாண்டியும் "கிடைத்தது" என்று ஒரு வரி எழுதாமல் இருந்துவிட்டேன். நீ திட்டப்போகிற திட்டு எனக்கு மனப்பாடம். திட்டு, ஆனால் முதலில் இதை முழுக்க வாசி.

அம்மா சுகம். இவருக்கு இடமாற்றம் இன்னும் வரவில்லை, தினமும் வாழைச்சேனைக்கு ஓட்டம்தான். நம்மட ஹொஸ்டல் மூன்றாம் அறைக்காரி திருகோணமலையில் வீடு கட்டி முடித்துப் பால் காய்ச்சக் கூப்பிட்டாள், போகவில்லை. கோபமாக இருப்பாள். நீ அவளோடு கதைத்தால் நான் சொல்லப்போகிற காரணத்தைச் சொல்லிவிடு.

சின்னவள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்துவிட்டாள் புள்ள. காலைக்கூட்டத்தில் நின்றவள் அப்படியே சரிந்தாளாம். ஒபிசுக்கு அழைப்பு வந்ததும் நான் எப்படிப் பாலம் தாண்டிப் போனேன் என்று எனக்கே நினைவில்லை. வெயில்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். கொஞ்ச நாளாகவே படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள், நான்தான் காதில் வாங்கவில்லை. இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.9. 12க்குக் குறையக்கூடாது.

அந்த டொக்டர் அம்மா மாத்திரை எழுதுவதற்கு முதல் சாப்பாட்டைப் பற்றித்தான் விசாரித்தார். மீனை விட்டு ஒன்றரை வருசம் என்று நான் சொன்னேன். வாவிக்கரையில் பிறந்த பிள்ளை, வீட்டு வாசலுக்கே மீன் வருகிறது, ஆனால் தொடமாட்டாள். "கீரை, பருப்பு எல்லாம் குறைவில்லாமல் குடுக்கிறன் டொக்டர், முருங்கையிலைச் சுண்டல் கிழமையில மூணு நாள்" என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "தேத்தண்ணி எப்ப குடிக்கிறவ?"

"சாப்பிட்ட கையோட."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

நம் வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியும்தானே. எத்தனை லீவுக்கு வந்து தங்கியிருக்கிறாய். காலையில் புட்டோ ரொட்டியோ, பக்கத்தில் கிளாசில் தேத்தண்ணி. பகல் சோறு சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால் அதற்குள் அம்மா ஊற்றி வைத்திருப்பா. சோறு செமிக்கும் என்பது அவவின் நம்பிக்கை. எனக்கு அப்படித்தான் தந்தா, நானும் என் பிள்ளைக்கு அப்படித்தான் ஊற்றிக் கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் என் கையாலேயே.

டொக்டர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், உன் வீட்டிலும் வளர்கிற பெண்பிள்ளை இருக்கிறாள். தேயிலையின் துவர்ப்பு இருக்கிறதே, அது கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாதாம். மீன், இறைச்சியில் உள்ள இரும்பை அந்த அளவுக்குத் தடுக்காது. மீன் சாப்பிடுகிற வீட்டில் இந்தப் பழக்கம் பெரிதாகத் தெரியாமல் போய்விடும். என் மகளுக்கோ இருந்த ஒரே வழி முருங்கையிலைதான். அதையும் சுண்டிக் கொடுத்து, மேலே தேத்தண்ணியை ஊற்றி மறித்துக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்கு இரவு நித்திரை வரவில்லை.

தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை அவர். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடிக்கச் சொன்னார், மாத்திரைக்கும் அதே கணக்கு. சுண்டலில் தேசிக்காய் பிழிந்து கொடுத்தால் இரும்பு நன்றாகச் சேரும் என்றார். அவ்வளவுதான். இவ்வளவு சின்ன விசயத்தை நாற்பது வயதுக்கு மேல்தான் நான் கேள்விப்படுகிறேன்.

அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. "நான் எழுபது வருசமாச் சாப்பிட்ட கையோட குடிக்கிறன், எனக்கென்ன வந்தது?" என்று முதல் நாள் கேத்தலைத் தரவே இல்லை. பேத்தியின் கண்மடலைக் கீழே இழுத்து உள்பக்கம் எவ்வளவு வெளிறியிருக்கிறது என்று காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தா. பிறகு ஒரு சொல் சொல்லவில்லை, கேத்தலை எடுத்து மேல்தட்டில் வைத்துவிட்டா.

இப்போது நம் வீட்டில் பின்னேரம் நாலு மணிக்குத்தான் தேத்தண்ணி. பகல் சாப்பாடு முடிந்து ரெண்டரை மணித்தியாலம் போயிருக்கும், இரவுச் சாப்பாட்டுக்கு இன்னும் நிறைய நேரம் இருக்கும். முதல் கிழமை எல்லோருக்கும் தலையிடி. ரெண்டாம் கிழமைதான் உன் பொதியைப் பிரித்தேன். நாள் முழுக்கக் காத்திருந்து குடிக்கிற ஒரே கோப்பை, அது நல்லதாக இருக்கட்டும் என்று.

முதல் தரம் கெட்டுப்போனது. கடைத் தூளைப் போடுவதுபோலவே கேத்தலில் போட்டு, சாயம் இறங்கட்டும் என்று கொதிக்கவிட்டு, பால்மா கரைத்தேன். கசந்து கிடந்தது. பிறகுதான் பொதிக்குள் நீ மடித்து வைத்திருந்த துண்டைக் கண்டேன்: "கொதிக்க வைக்காதே. கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி. மூடி வை. நாலு நிமிசம். பால் விடாதே, எங்கம்மா மேல் ஆணை." ஹொஸ்டலில் ஹீட்டர் சுருளை வாளிக்குள் போட்டுத் தண்ணி கொதிக்க வைத்தவளா இது?

நீ சொன்னபடியே செய்தேன், அப்போதும் சரிவரவில்லை. கோப்பையில் ஊற்றிக் கொஞ்ச நேரத்தில் மேலே ஒரு ஆடை. எண்ணெய் பட்டதுபோல மினுங்கி, கரண்டியால் தொட்டால் துண்டு துண்டாக உடைந்தது. மணமும் இல்லை, நிறம் கறுத்துப்போய் இருந்தது. உன் தேயிலைதான் பழசோ என்று ஒரு கணம் நினைத்தேன், மன்னித்துக்கொள். பிழை நம்மட கிணற்றில். கடற்கரை மணற்கிணறு, கல்லுத்தண்ணி. கேத்தலின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்திருப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், அதேதான் தேத்தண்ணியின் மேலே ஆடையாக மிதக்கிறது. ஒரு சொட்டுத் தேசிக்காய் விட்டுப் பார், ஆடை கரைந்து நிறமும் தெளியும். ஆனால் மணத்தைத் தேசிக்காய் மூடிவிடும். பிளேன்டீக்கு அது சரி, உன் தேயிலைக்கு அநியாயம்.

குழாய்த் தண்ணி உன்னிச்சைக் குளத்திலிருந்து வவுணதீவில் சுத்திகரித்து வருகிறது. ஆடை கட்டாது, ஆனால் குளோரின் வாடை. கடைசியில் வழி சொன்னது அம்மாதான். குழாய்த் தண்ணியை இரவே மண்பானையில் பிடித்துத் திறந்து வைத்தால் விடியும்போது வாடை போயிருக்கும். அந்தத் தண்ணியை ஒரே ஒரு தரம் கொதிக்க வைத்து, முதலில் கொஞ்சம் ஊற்றித் தேத்தண்ணிப் போச்சியைச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, இலையைப் போட்டு ஊற்றி மூடினேன். நாலு நிமிசம் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளைக் கோப்பையில் வடித்தபோது தேன் கலந்த சிவப்பு. கோப்பை ஓரத்தைச் சுற்றிப் பொன்னில் ஒரு வளையம். அப்புறம் அந்த மணம், புதினா இலையைக் கசக்கினதுபோல மூக்கின் உள்பக்கம்வரை ஏறியது. சின்னவள் இஞ்சிதான் போட்டிருக்கிறேன் என்று அடித்துச் சொன்னாள். அம்மா ஒரு வாய் குடித்தா, ரெண்டாம் வாய் குடித்தா. பால்மா டின்னைத் தேடவில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டு முழுக் கோப்பையையும் முடித்துவிட்டு, "இது எந்தக் காட்டு இலை?" என்று கேட்டா.

அதற்குப் பதில் தேடித்தான் ஒரு கிழமையாக இவரையும் பெரியவனையும் வாட்டுகிறேன். உனக்குத் தெரிந்திருக்கும், எனக்கு இது புதுசு. உங்கள் ஊவா மாகாணத் தேயிலையின் மணம் வருசம் முழுக்க இல்லையாமே? ஆடி, ஆவணியில் வறண்ட காற்றடிக்கிற கிழமைகளில்தான் அது வருமாம். அந்தக் காற்றுக்குத் தோட்டத்துரைமாரும் சொன்ன பெயர் கச்சான்! நம்மட கச்சான், புள்ள. முகத்தைச் சுட்டு, உதட்டை வெடிக்க வைத்து, கொடியில் போட்ட துணியை வாவியில் கொண்டுபோய்ப் போடுகிற அதே காற்று. மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, வெறும் வறட்சியோடு மலை தாண்டி உன் பசறைக்கு இறங்குகிறது. அங்கே கொழுந்து வாடாமல் தாக்குப்பிடிக்கப் பாடுபடும்போதுதான் அந்த மணம் ஊறுகிறது. பிறகு அதே காற்று கிழக்கே வந்து எங்களை வாட்டுகிறது. உன் வீட்டு வழியாகப் போகிற றோட்டு லுணுகலை, பிபிலை, மகா ஓயா கடந்து செங்கலடியில் வந்து முடிவதுபோலத்தான். கச்சானைச் சின்ன வயதிலிருந்து சபித்துக்கொண்டிருந்தவள் நான், இனி அது எழும்பினால் உன் மலையைத்தான் நினைப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்று வாசித்தேன். ரெண்டு இலை ஒரு மொட்டாகக் கிள்ளி நாலரைக் கிலோ. அப்போது உன் அம்மாவின் விரல்கள் நினைவுக்கு வந்தன. பட்டமளிப்புக்கு வந்தபோது என் கன்னத்தைத் தடவினாவே, சாயம் ஏறிய, வெடித்த விரல்கள். அவர்களின் நாள் சம்பளம் 1000 ரூபாயாக உயர 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிள்ளுகிறவர்கள் வீட்டில் குடிப்பதோ கழித்த தூள் என்று நீ ஒருநாள் கோபமாகச் சொன்னாய், நான் பேச்சை மாற்றிவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது. இந்தப் பொதியை வாங்க நீ எவ்வளவு கொடுத்தாய் என்று நேர்மையாக எழுது.

உன் தேயிலையைப் புகழ்ந்ததால் டஸ்ட்டைக் கைவிட்டேன் என்று நினைக்காதே. அதில் எனக்கும் உனக்கும் எப்போதும் சண்டைதானே. பி.ஓ.பி. என்கிற உடைத்த இலை, டஸ்ட் என்பதெல்லாம் இலைத் துணிக்கையின் பருமன்தான், டஸ்ட் என்றால் குப்பை இல்லை. தூள் சின்னதாக இருப்பதால் சாயம் கெதியாக இறங்கும், பாலுக்கு ஈடுகொடுக்கும். செங்கலடிச் சந்திக் கடையில் துணிப்பையில் வடித்து, ரின்பால் விட்டு, ஒரு முழத்துக்கு இழுத்து ஆற்றித் தருவார்களே, அதை உன் பி.ஓ.பி.யில் போட்டால் பச்சைத்தண்ணிதான். அங்கே நான் கட்சி மாறமாட்டேன்.

ஒபிசில்தான் தேத்தண்ணிக்குக் கேடு. காலை எட்டு மணிக்குப் பால்மா கரைத்துச் சுடுதண்ணிப் போத்தலில் அடைத்ததைப் பத்து மணிக்கு ஊற்றுகிறார்கள், மூன்று மணிக்கும் அதே போத்தல். இப்போது ஒரு சின்னப் போத்தலில் உன் இலையும் ஒரு வடியும் கொண்டுபோகிறேன். பக்கத்து மேசை அக்காவுக்கும் ஒரு கோப்பை கொடுத்தேன். அவவுக்கும் இரத்தம் குறைவு, அவவும் சாப்பிட்ட கையோடு குடிக்கிறவ. எல்லாவற்றையும் இருந்து சொன்னேன்.

சின்னவள் இப்போது மயங்குவதில்லை. முகத்தில் கொஞ்சம் நிறம் தெரிகிறது என்று அம்மா சொல்கிறா, எனக்கும் அப்படித்தான் படுகிறது, ஆனாலும் நம்பப் பயம். நேற்று தானாகவே சொதிக்குள் கிடந்த ஒரு கீளி மீன் துண்டை எடுத்துத் தின்றாள். நான் பார்க்காததுபோல அடுப்படிக்குள் போய்விட்டேன். ஐப்பசி நடுவில் மறுபடி இரத்தம் எடுக்க வேண்டும், முடிவு கைக்கு வந்த அன்றைக்கே எழுதுகிறேன்.

பொதியில் இன்னும் நாலு விரல்தான் மிச்சம். காசை வாங்கிக்கொள்வாய் என்றால் மட்டும் அடுத்தது அனுப்பு. இல்லையென்றால் மார்கழி லீவுக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நீயே கொண்டு வா. அம்மா இப்போதே பானையைக் கழுவி வைத்துவிட்டா.

உன்,
மீன்குஞ்சு