பிசிறை வெளியே வைத்துத் தைத்த கைக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

போன மாதம் பயிற்சி நின்றுபோக இருந்த கதையை மறுபடி எழுதப்போவதில்லை. படிக்கிறவர்களில் பாதிப் பேர் அப்போது கூடவே நின்றவர்கள். மூளையில் பக்கவாதம் வந்த குழந்தைகளின் கைப்பயிற்சி நிற்கவில்லை. தொடங்கிய ஆறு வாரமும் ஒரு நாள் குறையாமல் முடிந்தது. அந்த நிம்மதி ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதல் நன்றி தையற்கார அக்காவுக்கு. பெயர் போடக்கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டார்.

அவரிடம் நாங்கள் கேட்டது குழந்தைகளின் கைக்கு மாட்டும் பத்துத் துணி உறைகள், அவ்வளவுதான். கருவிலோ, பிறந்து 28 நாட்களுக்குள்ளோ மூளையில் பக்கவாதம் வந்த குழந்தைகளுக்கு அனேகமாக ஒரு கைதான் பின்தங்கும். மூடிய முஷ்டி, உள்ளே மடங்கிய கட்டைவிரல், பொம்மையை நீட்டினால் எப்போதும் மற்ற கையே வரும். ஒரு வயதுக்குள் ஒரு குழந்தை "இடதுகைக்காரன்" அல்லது "வலதுகைக்காரன்" ஆகிவிட்டால் அது சமர்த்து அல்ல, மருத்துவரிடம் காட்டவேண்டிய அறிகுறி. நல்ல கைக்கு உறை மாட்டி, பின்தங்கிய கையால் விளையாட விட்டு, தினம் அரை மணி நேரம், வாரம் ஆறு நாள், ஆறு வாரம்; பிறகு ஆறு வாரம் ஓய்வு; திரும்ப ஆறு வாரம். கூட்டினால் 36 மணி நேரம். இதுதான் பயிற்சி.

உறை என்பது சின்ன விஷயமாகத் தெரியும். முன்பு சாக்ஸ் மாட்டிப் பார்த்தோம். பல்லால் கவ்வி ஒரே நிமிடத்தில் உருவி எறிந்துவிடுவார்கள். எலாஸ்டிக் மணிக்கட்டில் சிவந்த வளையம் போட்டது. வெல்க்ரோவின் முரட்டு ஓரம் தோலைக் கீறியது; பிய்க்கும்போது வரும் சத்தமோ பொம்மையைவிடப் பெரிய விளையாட்டாகிவிட்டது. அக்கா தைத்தது கட்டைவிரல் இல்லாத உறை, மெல்லிய பருத்தியில் இரண்டு மடிப்பு, மணிக்கட்டுக்கு மேல் மூன்று விரல் நீளம், அகலமான துணி நாடா. கட்டிய பிறகு நம் சுண்டுவிரல் உள்ளே நுழைய வேண்டும். பிடிக்க முடியாது, ஆனால் குழந்தை சாய்ந்தால் கையை ஊன்றிக்கொள்ளலாம். பாசி, பொத்தான் எதுவும் இல்லை.

நாங்கள் கேட்காத ஒன்றையும் அவர் செய்திருந்தார். பத்து உறைகளிலும் தையலும் பிசிறும் வெளிப்பக்கம். திருப்ப மறந்துவிட்டார் என்று நினைத்து, நாங்களே இரண்டைத் திருப்பிவிட்டோம். அதைப் பார்த்ததும் பதறி வாங்கி மறுபடி திருப்பினார். உள்ளே ஒரு நூல் தொங்கினால் போதும். விரலைச் சுற்றி இறுக்கும், ரத்தம் நிற்கும், விரல் வீங்கும். உறைக்குள் இருப்பதால் யாருக்கும் தெரியாது. மாத வயதுக் குழந்தையால் எங்கே வலிக்கிறது என்று சொல்லவும் முடியாது, அழத்தான் முடியும். பயிற்சியில் அழுகை வழக்கம் என்று நாமும் விட்டுவிடுவோம். இத்தனை வருடத்தில் எங்கள் எந்தக் குறிப்பிலும் இந்த ஒரு வரி இல்லை. இப்போது முதல் வரியே அதுதான்: மாட்டும் முன் உள்ளே விரல் விட்டுத் தடவு, கழற்றியதும் ஐந்து விரல்களின் நிறத்தையும் பார்.

இந்த அரை மணி நேரத்துக்காக இவ்வளவு அலைந்ததற்குக் காரணம் உண்டு. பிறக்கும்போது மூளையின் ஒவ்வொரு பாதியிலிருந்தும் இரண்டு கைகளுக்கும் நரம்புப் பாதை போகிறது. முதல் ஒன்றிரண்டு வருடங்களில் எதிர்க்கைக்குப் போகும் பாதை வலுத்து, அதே பக்கத்துப் பாதை மெலிய வேண்டும். வேலை வாங்கப்படும் பாதைதான் வலுக்கிறது. அடிபட்ட பாதிக்கு வேலை வராவிட்டால் நல்ல பாதியே இரண்டு கைகளையும் கையாளத் தொடங்கிவிடும். அப்படி வளரும் பிள்ளைகளில் சிலருக்கு ஒரு கையை மடக்கினால் மற்றதும் தானாக மடங்கும். சட்டைப் பொத்தான் போடுவதுகூடப் போராட்டம். அதனால்தான் "ஸ்கேன் முடிவு வரட்டும், வளரட்டும், பார்ப்போம்" என்று தள்ளிப்போடும் பேச்சைக் கேட்டால் எங்களுக்குக் கோபம் வருகிறது.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம், கோபிக்க வேண்டாம். இடம் கொடுத்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள், தினமும் நிமிடக் கணக்கை நோட்டில் எழுதிய பாட்டிமார்கள், பெரிய மழமழ பந்துகளை ஒதுக்கிவிட்டு மெல்லிய கைப்பிடியுள்ள கிலுகிலுப்பைகளாகத் தேடி வாங்கியவர்கள். பொம்மையைச் சோர்ந்த கைப்பக்கம் காட்டிவிட்டு, பத்து எண்ணும் வரை வாய் திறக்காமல் காத்திருந்த அண்ணன்மார்களுக்குத் தனிக் கும்பிடு. கையைப் பிடித்து இழுத்து வைப்பது சுலபம், காத்திருப்பதுதான் கஷ்டம்.

பள்ளி ஆசிரியை ஒருவரையும் விட முடியாது. அதே பக்கவாதத்தால் வலப்பக்கப் பார்வை குறைந்த பையனை வகுப்பின் வலது ஓரத்துக்கு மாற்றினார். இப்போது கரும்பலகையும் தோழர்களும் அவனுக்கு இடப்பக்கம், அதாவது தெரிகிற பக்கம். மூன்று வேலையை ஒரே வாக்கியத்தில் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்கிறார்.

மூன்றையும் சேர்த்துச் சொன்னால் அவனுக்குத் தங்காது என்று அவர் கவனித்ததற்குப் பின்னால் பெரிய விஷயம் இருக்கிறது. குழந்தை நடந்துவிட்டால், பேசிவிட்டால் தப்பித்தோம் என்று வீடு நினைக்கிறது. நடப்பார்கள்தான், அனேகம் பேர் இரண்டு வயதுக்குள். இடது மூளை அடிபட்டாலும் பேச்சை வலது மூளை ஏற்றுக்கொள்வது உண்டு. ஆனால் இரண்டு வயதுக் குழந்தையிடம் யாரும் கடன் வாங்கிக் கழிக்கச் சொல்வதில்லை. ஏழெட்டு வயதில் அந்த வேலை வரும்போதுதான் கவனம் நிற்காததும், சொன்னது நினைவில் தங்காததும், கணக்கு நழுவுவதும் தெரியும். பழைய காயம்தான், கேள்வி இப்போதுதான் வந்திருக்கிறது. சோம்பேறி என்று பெயர் வாங்குவதும் அந்த வயதில்தான். ஆகவே கை தேறிய பிள்ளைகளையும் பள்ளி முடியும் வரை விடாமல் பார்ப்போம் என்று இங்கேயே எழுதி வைக்கிறோம். "சின்ன மூளை தானாகச் சரிபண்ணிக்கொள்ளும்" என்று எங்கள் வாயிலிருந்து இனி வராது.

அக்கா, அடுத்த ஆறு வாரத்துக்கு ஐந்து குழந்தைகள் புதிதாக வருகிறார்கள். நீங்கள் சொன்னபடி நல்ல கையைத் தாளில் விரித்து வைத்துச் சுற்றிக் கோடு போட்டுவிட்டோம். ஒன்றில் மட்டும் கோடு கோணலாக இருக்கும். கடைசி வரை கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அதற்கு அரை விரல் கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள்.